அயலும் வாக்கும்: நீர்வேலி சார்ந்து ஓர் ஒழுக்கவியல் விசாரணை

மனிதனின் பொதுவாழ்வுச் செயல்களுள் வாக்களித்தல் விந்தையான ஒன்றாகும். அது முற்றிலும் தனிமையிற் செய்யப்படுவது. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளிற் செய்தாலன்றிப் பொருள் பெறாதது. மறைப்பின் பின்னே தாளில் அடையாளமிடும் வாக்காளருக்கு அருகில் எவரும் நிற்பதில்லை. ஆனால் வீட்டுப் படலையிலிருந்து வாக்களிப்பு நிலையம்வரை அவர் நடந்துவந்த ஒழுங்கையிலே உறவினர், அயலவர், கிணற்றுப் பங்காளர், ஆசிரியர், கோயிற் பெரியவர், கடன் கொடுத்தவர் எனப் பலர் நின்றிருக்கின்றனர். அவ்வாறாயின் பெட்டியுள் விழும் தாள் யாருடைய தீர்ப்பைத் தாங்கியுள்ளது என்னும் வினா எழுவது இயல்பே.

இதனை வெறும் அரசியல் விஞ்ஞான வினாவாகக் கொண்டு அமைதல் பொருந்தாது. ஒருவரின் வாக்கை அவர் வாழும் இடமே நிருணயிக்கின்றதெனின், அவ்வாக்குக்காக அவரைப் புகழவோ இகழவோ இடமில்லை. மழை பெய்தமைக்கு நிலத்தைப் பாராட்டுவது போன்றதே அது. மாறாக, வாக்கு முற்றிலும் தனிமனிதரின் தெரிவு எனின், ஓர் ஊர் திரண்டு சென்று வாக்களிக்க மற்றோர் ஊர் வீட்டினுள் இருந்துவிடும் காட்சியை விளக்குதல் அரிது. இவ்விரு முனைகளுக்கும் இடையில், அயலுக்கும் மனச்சாட்சிக்கும் உள்ள தொடர்பு யாது, அயலவர் ஒருவர்க்கொருவர் எதற்குக் கடப்பாடுடையர் என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீர்வேலியும், அவ்வூர் அடங்கிய கோப்பாய்த் தொகுதியும், யாழ்ப்பாண மாவட்டமும் இவ்வாராய்ச்சிக்குக் களமாக அமைகின்றன.

இடத்திற்கும் வாக்கிற்கும் உள்ள உறவை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களுள் பிரான்சிய அறிஞர் அந்திரே சீக்பிரீட் குறிப்பிடத்தக்கவர். தம் நாட்டின் மேற்குப் பகுதியின் அரசியலைப் பற்றி அவர் 1913ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் வெளியிட்டார். கருங்கல் நிலம் வலதுசாரிகளுக்கும் சுண்ணக்கல் நிலம் இடதுசாரிகளுக்கும் வாக்களிக்கின்றன என்ற வாய்பாடாக அந்நூலின் சாரம் சுருங்கிப் பரவிற்று. வாய்பாடு எளிது, சீக்பிரீட் கண்டதோ அத்துணை எளிதன்று. கருங்கல் நிலத்திலே குடியிருப்புகள் சிதறிக் கிடந்தன, பெருநிலவுடைமை நிலைத்தது, பிரபுவின் சொல்லுக்கும் குருவானவரின் சொல்லுக்கும் மாற்றுச் சொல் அங்கு எளிதில் எழவில்லை. சுண்ணக்கல் நிலத்திலே மக்கள் நெருங்கிய ஊர்களாய் வாழ்ந்தனர், தாமே நிலமுடையோர் பலர் இருந்தனர், ஒருவரோடொருவர் பேசினர். கல்லுக்கு அரசியல் இல்லை. கல்லின்மேல் அமைந்த மனித உறவுகளுக்கே அரசியல் உண்டு என்பதே அவ்வாராய்ச்சி தரும் பாடமாகும்.

இப்பாடத்தை யாழ்ப்பாணத்திற்குப் பொருத்தி நோக்குதல் பயனுடையது. குடாநாடு முழுவதும் சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்தது. மழைநீர் பாறையினூடே இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. ஆறு இல்லாத அந்நிலத்திற்குக் கிணறே ஆறாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் வீதியில், கோப்பாயை அடுத்து அமைந்துள்ளது நீர்வேலி. அதன் செம்மண் தோட்டங்கள் வாழைக்குப் பேர்பெற்றவை. சங்கர பண்டிதரைத் தந்தமையும், அரசகேசரிப் பிள்ளையார் கோயிலும், கந்தசுவாமி கோயிலும், அத்தியார் இந்துக் கல்லூரியும் அவ்வூரின் அடையாளங்களாகப் போற்றப்படுகின்றன. இத்தகைய தோட்டக் கிராமங்களின் அயலுறவை வகுத்தவற்றுள் தலையாயது நீரைப் பங்கிடும் முறையாகும். ஒரு கிணற்றுக்குப் பல பங்காளர் இருப்பர். ஒவ்வொருவருக்கும் இறைப்பு முறை உண்டு. ஒருவர் தம் முறையை மீறின் மற்றொருவரின் பயிர் வாடும். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையும் அயலைச் சட்டத்தின் உள்ளேயே வைத்தது. காணி விற்க விரும்புபவர் அதனை உரித்தாளருக்கும் பங்காளருக்கும் மட்டுமன்றி, அக்காணியை ஈடாகப் பெற்றிருக்கக்கூடிய பக்கத்துக் காணிக்காரருக்கும் முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும் என்பது அதன் விதி. அயலவர் ஒருவரின் தீர்மானம் மற்றவரின் வாழ்வைத் தொடும் என்பதை அச்சமூகம் நன்கு உணர்ந்திருந்தது.

இத்தகைய நெருக்கமான அயலில் அரசியற் கருத்து எவ்வாறு பரவும் என்பதை ஊகித்தல் கடினமன்று. சனசமூக நிலையத்தில் ஒரே பத்திரிகையைப் பலர் படிக்கின்றனர். தோட்டத்திலும் தேநீர்க் கடையிலும் கோயில் வீதியிலும் ஒரே செய்தி பேசப்படுகின்றது. தனியே இருப்பின் வாக்களிக்கச் செல்லாத ஒருவர், பக்கத்து வீட்டார் புறப்படுவதைக் கண்டு தாமும் புறப்படுகின்றார். அமெரிக்க அறிஞர் வி. ஓ. கீ 1949ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, தம் நாட்டின் தென்மாநிலங்களில் வேட்பாளர் ஒருவர் தம் சொந்த இடத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் அளவுக்கு மிஞ்சிய வாக்குகளைப் பெறுவதைக் காட்டினார். கொள்கையை விட அறிமுகமே அங்கு வலுப்பெற்றது என்பது அவர் கருத்து.

இக்கருத்துக்குக் கோப்பாய்த் தொகுதியின் வரலாறு ஒரு தக்க உதாரணம் தருகின்றது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் கோப்பாயைச் சேர்ந்த கு. வன்னியசிங்கம் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் அத்தொகுதியில் வெற்றி பெற்றார். 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தோன்றியபோது அவர் அதன் முன்னோடிகளுள் ஒருவராய் நின்றார். 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே அக்கட்சி நாடு முழுவதிலும் இரண்டே ஆசனங்களைப் பெற்றது. ஒன்று திருகோணமலை, மற்றொன்று கோப்பாய். கட்சித் தலைவராகிய சா. ஜே. வே. செல்வநாயகமே காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளரிடம் தோல்வியுற்றார். கோப்பாயும் காங்கேசன்துறையும் வலிகாமத்தின் இரு பகுதிகள். ஒரே பாறை, ஒரே மொழி, ஒரே பயிர்ச்செய்கை. ஆயினும் தீர்ப்பு வேறாயிற்று. வேட்பாளர் யார், அவரை அயல் எவ்வாறு அறிந்திருந்தது என்பதற்கு இவ்வேறுபாட்டில் ஒரு பங்கு உண்டு எனல் மிகையாகாது. நான்கு ஆண்டுகளின் பின்னர், 1956இல், தமிழரசுக் கட்சி குடாநாட்டின் பெரும்பாலான தொகுதிகளை வென்றது. ஒரு மூலையில் தனித்து நின்ற கருத்து, சிங்களம் மட்டும் என்னும் கொள்கை எழுந்த காலத்தில், பொதுக் கருத்தாக மாறியது. அயல் கருத்தைத் தாங்கும். காலம் அதற்கு வலுவூட்டும்.

எனினும் இவ்விடத்தில் ஒரு தருக்கப் பிழையைக் குறித்து எச்சரிக்கை வேண்டும். 1950ஆம் ஆண்டில் டபிள்யூ. எஸ். ரொபின்சன் என்னும் சமூகவியலாளர், ஒரு பிரதேசத்தின் சராசரியைக் கொண்டு அப்பிரதேசத்தில் வாழும் தனிமனிதரின் இயல்பை முடிவு செய்தல் தவறு என நிறுவினார். மாவட்டத்தின் வீதம் ஊரின் வீதம் ஆகாது. ஊரின் வீதம் வீட்டின் வீதமும் ஆகாது. கோப்பாய் தமிழரசுக் கட்சியைத் தெரிவு செய்தது என்பது உண்மை. ஆகவே நீர்வேலியின் ஒவ்வோர் உழவரும் அக்கட்சிக்கு வாக்களித்தார் என்பது உண்மையன்று. இது புள்ளிவிபரவியலின் நுட்பமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. நீதி சார்ந்த விடயமும் ஆகும். ஓர் ஊரைக் கட்சியொன்றின் ஊர் எனப் பெயரிடும்போது, அவ்வூரில் மாறாக எண்ணிய சிலரின் இருப்பே மறைக்கப்படுகின்றது. அச்சிலரையே பின்னர் அயலும் அரசும் ஐயக்கண் கொண்டு நோக்குகின்றன.

வாக்கு யாருக்கு என்ற வினாவிலிருந்து வாக்களிப்பா இல்லையா என்ற வினாவுக்கு வருங்கால், யாழ்ப்பாணத்தின் வரலாறு மேலும் ஆழமான சிக்கல்களை முன்வைக்கின்றது. 1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியலமைப்பின்கீழ் இலங்கை சர்வசன வாக்குரிமை பெற்றது. அதற்கு முன்னர்ச் சனத்தொகையில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேரே வாக்குரிமை பெற்றிருந்தனர். பெண்களும், நிலமற்றோரும், கல்வி மறுக்கப்பட்டோரும், ஒடுக்கப்பட்ட சாதியினரும் முதன்முறையாக வாக்காளராயினர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவர்கள் இவ்விரிவை எதிர்த்திருந்தனர். ஆயினும் அவ்வாண்டுத் தேர்தலில் யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் விடுத்த பகிஷ்கரிப்பு அழைப்பே அதற்குக் காரணம். 1934ஆம் ஆண்டு இடைத்தேர்தல்கள்வரை அந்நான்கு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன.

இந்நிகழ்ச்சியின் ஒழுக்கச் சிக்கல் எண்ணிப் பார்க்கத்தக்கது. வாலிபர் காங்கிரசார் பழைமைவாதிகள் அல்லர். அவர்கள் முழுமையான சுயராச்சியத்தை வேண்டியே பகிஷ்கரித்தனர். சாதி வேற்றுமையை எதிர்த்தனர். பாடசாலைகளில் சம ஆசனத்தை ஆதரித்தனர். நோக்கம் உயர்ந்தது. ஆனால் விளைவு யாது? தலைமுறை தலைமுறையாகக் குரல் மறுக்கப்பட்ட ஒரு தோட்டக் கூலியாளுக்கோ ஒரு பெண்ணுக்கோ முதன்முறையாகக் கிடைத்த வாக்கு, அவரைக் கேளாமலே மூன்று ஆண்டுகள் ஒத்திவைக்கப்பட்டது. வாக்களிக்க மறுத்தல் ஓர் உரிமையாகலாம். பிறர் வாக்களிக்கும் வாய்ப்பையே இல்லாமற் செய்தல் அவ்வுரிமைக்குள் அடங்குமா? தன் வாக்கைத் துறப்பவர் தியாகி. பிறர் வாக்கையும் சேர்த்துத் துறப்பவரை அவ்வாறு அழைத்தல் எளிதன்று.

அரை நூற்றாண்டின் பின்னர் வந்த இரு வாக்கெடுப்புகள் வேறொரு பாடத்தைத் தருகின்றன. 1982 ஒக்டோபர் 20ஆம் திகதி நடைபெற்ற முதலாவது சனாதிபதித் தேர்தலிலே நாடு முழுவதும் நூற்றுக்கு 81 வீதத்தினர் வாக்களித்தனர். யாழ்ப்பாண மாவட்டத்தில் 46 வீதத்தினரே வாக்களித்தனர். தமிழர் விடுதலைக் கூட்டணி அத்தேர்தலில் வேட்பாளரை நிறுத்தவில்லை. இரண்டு மாதங்களின் பின்னர், டிசம்பர் 22ஆம் திகதி, பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலின்றி நீடிப்பதா என்ற சர்வசன வாக்கெடுப்பு நடைபெற்றது. ஆம் என்போருக்கு விளக்கும், இல்லை என்போருக்குக் குடமும் சின்னங்களாயின. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் தொகை அறுபது வீதத்தை அண்டியது. அவர்களுள் பத்தில் ஒன்பது பேர் குடத்திற்கு வாக்களித்தனர். இரண்டு மாதங்களுள் மண் மாறவில்லை, கல்வி மாறவில்லை, வருமானம் மாறவில்லை, வாக்களிப்பு நிலையத்திற்கான தூரமும் மாறவில்லை. மாறியது வினா. தமக்குப் பொருளற்றதெனப் பலர் கருதிய வினாவுக்கு அவர்கள் வீட்டிலிருந்தனர். பொருளுடைய வினாவுக்கு வெளியே வந்தனர். வாக்களிப்பு வீதத்தின் குறைவை அறியாமையின் அளவாகவோ சோம்பலின் அளவாகவோ கொள்வோர் இவ்விரு நாட்களையும் ஒப்புநோக்குதல் தகும்.

அதன் பின்னர் அயலின் இயல்பையே போர் மாற்றியது. 1994ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது குடாநாட்டின் பெரும்பகுதி தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. மாவட்டத்தில் நூற்றுக்கு மூவர்கூட வாக்களிக்கவில்லை. ஈழ மக்கள் சனநாயகக் கட்சி 10,744 வாக்குகளுடன் 9 ஆசனங்களைப் பெற்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. நீர்வேலியும் அதற்கு விலக்கன்று. தென்மராட்சியிலும் வன்னியிலும் மரநிழலிலும் பாடசாலை மண்டபங்களிலும் தங்கியோருக்கு அயல் என்பது அன்றிரவு அருகில் படுத்தவரே. 1996இல் பலர் திரும்பினர், பலர் திரும்பவில்லை. வலிகாமம் வடக்கின் மக்களோ தம் காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டமையால் பிற ஊர்களிலே பல்லாண்டுகள் வாழ நேர்ந்தது. இருக்கும் இடம் ஒன்று, பதிவின் இடம் வேறொன்று என்னும் நிலை தோன்றியது. இடம்பெயர்ந்தோரை அவர்களது பழைய இடத்திலேயே பதிவு செய்ய வழிவகுக்கும் விசேட சட்டம் 2013ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது.

2005 நவம்பர் 17ஆம் திகதி நடைபெற்ற சனாதிபதித் தேர்தல் இவ்வரலாற்றின் உச்சமாகும். அத்தேர்தலில் தமிழ் மக்களுக்கு அக்கறை இல்லை எனப் புலிகள் இயக்கம் அறிவித்தது. அதன் சார்பான அமைப்புகள் புறக்கணிப்பைக் கோரின. வாக்களிக்க எண்ணியோர்மேல் அச்சம் கவிந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் இடாப்பில் 7 இலட்சத்து 1,938 பெயர்கள் இருந்தன. அளிக்கப்பட்ட வாக்குகள் 8,524. அதாவது நூற்றுக்கு 1.21 வீதம். நாடளாவிய முடிவோ 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்குகள் அளவிலான வேறுபாட்டினாலேயே தீர்மானிக்கப்பட்டது. அன்று வீட்டிலிருந்தோருள் கொள்கையால் மறுத்தவர் எத்தனை பேர், அஞ்சி மறுத்தவர் எத்தனை பேர், எவர் வந்தாலும் ஒன்றே எனச் சலித்தவர் எத்தனை பேர்? அந்த எண்ணுக்குள் இம்மூவகையினரும் வேறுபாடின்றிக் கலந்துவிட்டனர். அளிக்கப்பட்ட வாக்கு குறைந்தது ஒரு சொல்லையேனும் சொல்கின்றது. அளிக்கப்படாத வாக்கை எவரும் தமக்கு வேண்டியவாறு மொழிபெயர்க்கலாம். மௌனத்தை ஆயுதமாகக் கொள்வோர் இக்குறைபாட்டை உணர்தல் வேண்டும்.

எண்களைக் கையாளும்போது மற்றொரு கவனமும் தேவை. 2010 ஏப்பிரலில் நடைபெற்ற பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் வாக்களிப்பு 23 வீதமாயிருந்தது. 2013 செப்டெம்பரில் நடைபெற்ற வட மாகாண சபைத் தேர்தலில் அது 64 வீதமாக உயர்ந்தது. மூன்றே ஆண்டுகளில் மக்கள் மும்மடங்கு ஊக்கம் பெற்றனர் எனக் கூறத் தோன்றும். ஆனால் 2010இன் இடாப்பில் 7 இலட்சத்து 21 ஆயிரம் பெயர்கள் இருந்தன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, குழந்தைகள் உட்பட மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகையே 5 இலட்சத்து 84 ஆயிரந்தான். இறந்தோரும், கனடாவிலும் ஐரோப்பாவிலும் கொழும்பிலும் வாழ்வோரும் பெயரளவில் யாழ்ப்பாணத்து வாக்காளராகவே இருந்தனர். 2013இல் இடாப்பு 4 இலட்சத்து 27 ஆயிரமாகச் சுருங்கியது. உண்மையில் வாக்களித்தோர் தொகை ஏறத்தாழ 1 இலட்சத்து 68 ஆயிரத்திலிருந்து 2 இலட்சத்து 74 ஆயிரமாக உயர்ந்தது. இவ்வுயர்வு பெரிதே, ஆயினும் வீதம் காட்டிய அளவு பெரிதன்று. வெறுமையான வீடுகள் வாக்களிக்காமையை வாழும் அயலவரின் அசிரத்தை எனக் கூறுதல் நீதியன்று. திருத்தமான இடாப்பு மற்றொரு துயரையும் வெளிப்படுத்தியது. 2010இல் 9 ஆக இருந்த மாவட்டத்தின் ஆசனங்கள் 2015இல் 7 ஆகவும், 2024இல் 6 ஆகவும் குறைந்தன.

இனி, வாக்களித்தல் ஒரு கடமையா என்னும் அடிப்படை வினாவை நோக்கலாம். அமெரிக்கப் பொருளியலாளர் அந்தனி டவுன்ஸ் 1957ஆம் ஆண்டில் எழுப்பிய சிக்கல் நன்கு அறியப்பட்டது. இலட்சக்கணக்கான வாக்குகளிடையே ஒரு வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பு மிகச் சிறிது. வாக்களிக்கச் செல்வதற்கான நேரமும் முயற்சியும் உறுதியான செலவு. ஆகவே தன்னலக் கணக்கின்படி எவரும் செல்லார். ஆயினும் மக்கள் செல்கின்றனர். இப்புதிருக்கு நீர்வேலி போன்ற ஊரின் கிணற்றடியே ஒரு விடை தருகின்றது. பங்குக் கிணற்றின் சேற்றை அள்ளித் துப்புரவாக்கும் நாளில் ஒரு பங்காளர் வராவிடினும் கிணறு துப்புரவாகும். அவர் உழைப்பு முடிவை மாற்றவில்லை என்பது கணக்கில் உண்மை. எனினும் அவருக்குக் கடமை இல்லை என எந்தப் பங்காளரும் கூறார். தாம் குடிக்கும் நீருக்குப் பிறர் மட்டும் சேறு அள்ளுதல் முறையன்று என்பதே அங்குள்ள நியாயம். கடமை விளைவை மாற்றும் ஆற்றலிலிருந்து மட்டும் பிறப்பதில்லை, பங்குடைமையிலிருந்தும் பிறக்கின்றது. கிணறு எவருக்கும் நீர் தராது வறண்டிருப்பின், அல்லது சேறள்ளச் செல்வோரை ஒருவர் வழியில் தடுத்து நிற்பின், அக்கடமையின் வலு குறைகின்றது என்பதையும் சேர்த்தே கூறுதல் வேண்டும்.

அவுஸ்திரேலியா இக்கடமையைச் சட்டமாக்கியது. 1922ஆம் ஆண்டுத் தேர்தலில் அறுபது வீதத்திற்குச் சற்றுக் குறைவாயிருந்த வாக்களிப்பு, 1924இன் கட்டாய வாக்களிப்புச் சட்டத்தின் பின்னர் 1925இல் தொண்ணூறு வீதத்தைத் தாண்டியது. அங்கும் அயல்கள் மாறவில்லை; விதி மாறியது. ஆனால் தண்டனைக்கு அஞ்சி வருவோரையும் அச்சுறுத்தலுக்கு அஞ்சி வராதோரையும் ஒருங்கே நோக்கின், தொகை மட்டும் குடியியல் அறத்தின் அளவுகோல் ஆகாது என்பது புலனாகும்.

அயலின் பெருமையைப் பேசுவோர் அதன் கொடுமையையும் மறத்தலாகாது. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் தமிழரின் குடவோலை முறைக்குச் சான்றாகப் போற்றப்படுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்திலிடப்பட்டன. கணக்குக் காட்டாதோர் விலக்கப்பட்டனர் என்பது இன்றும் நினைக்கத்தக்க நெறி. ஆனால் இறையிறுக்கும் நிலமும் சொந்த மனையும் உடையோருக்கே அத்தகுதி உண்டு. குடும்பு என்னும் அயல் நிலமற்றோரையும் பெண்களையும் எண்ணவில்லை. யாழ்ப்பாணத்துக் குறிச்சிகளும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தன. ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர் பிறர் காணியிலே குடியிருந்தனர். கோயிலும் கிணறும் தேநீர்க் கடையும் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தன. 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும், 1966இன் எழுச்சியும் 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் தேவையாயின.

இப்பின்னணியிலே ஜோன் ஸ்ருவேட் மில்லின் ஒரு வாதத்தை மதிப்பிடலாம். வாக்கு என்பது தனிச் சொத்தன்று, பொதுநலத்திற்காக ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. ஆகவே அது பகிரங்கமாக, அயலவரின் கண்முன்னே அளிக்கப்படுதல் வேண்டும் என 1861ஆம் ஆண்டில் அவர் வாதிட்டார். பொறுப்பு என்ற முற்பகுதி ஏற்கத்தக்கது. பிற்பகுதி, அயலவர் அனைவரும் சமமான வலிமை உடையோராய் இருக்கும் ஊருக்கே பொருந்தும். குடியிருக்கும் காணியும் நாட்கூலியும் ஒருவரின் கையில் இருக்க, அவர் கண்முன்னே அவருக்கு மாறாக வாக்களிக்கும் துணிவை ஓர் ஏழையிடம் எதிர்பார்த்தல் அறமன்று. பிரித்தானியாவே 1872இல் இரகசிய வாக்கை ஏற்றது. வாக்களிப்பு நிலையத்தின் மறைப்பு, வலியோரின் அயலிலிருந்து எளியோரின் மனச்சாட்சியைக் காக்கும் வேலியாகும்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஒரு முடிபு தெளிவாகின்றது. அயல் வாக்கை நிருணயிப்பதில்லை. வாக்களிப்பதன் விலையை நிருணயிக்கின்றது. எவ்வளவு தூரம், எவ்வளவு அச்சம், எவ்வளவு துணை, எவ்வளவு பழி என்பவற்றை அயலே வகுக்கின்றது. 1982இல் விலை ஒன்று. 2005இல் விலை வேறு. ஒரே விலையைக் கொடுக்க வேண்டியவர்கள் என்பதால் அயலவர் ஒரே போக்கில் நடந்துகொள்வது போலத் தோன்றுகின்றது. விலையை ஏற்பதும் மறுப்பதும் இறுதியில் தனிமனிதரின் செயலே. ஆகவே அவரின் பொறுப்பு நீங்குவதில்லை. ஆனால் அவ்விலையை உயர்த்தியோருக்கும் குறைத்தோருக்கும் அப்பொறுப்பில் பங்குண்டு. வாக்களியாத ஒருவரைக் குறைகூறுமுன், அவர் செல்லும் ஒழுங்கையை அயல் எந்நிலையில் வைத்திருந்தது எனக் கேட்டல் முறை.

2024 நவம்பரில் நடைபெற்ற பொதுத் தேர்தலில், தெற்கைத் தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாண மாவட்டத்தில் 80,830 வாக்குகளுடன் முதலிடம் பெற்று 3 ஆசனங்களை வென்றது. அது முன்னர் நிகழாத ஒன்று. குடாநாட்டின் வாக்கு இன்னதுதான் என வரையறுத்தோர் வியப்புற்றனர். அவ்வெற்றி அளிக்கப்பட்ட வாக்குகளில் நான்கில் ஒரு பங்கினால் அமைந்தது என்பதையும், நான்கில் மூன்று பங்கினர் வேறாக எண்ணினர் என்பதையும் சேர்த்து நோக்குவோரே அம்மாவட்டத்தைச் சரியாக அறிவர்.

நீர்வேலியிலும் அதுபோன்ற எல்லா ஊர்களிலும் அயலவர் ஒருவர்க்கொருவர் செய்யவேண்டிய கடமைகள் அரியவை அல்ல. கிராம அலுவலர் ஆண்டுதோறும் சேகரிக்கும் வாக்காளர் பதிவுப் படிவத்திலே தகுதியுடைய ஒவ்வொருவரின் பெயரும் உள்ளதா என நோக்குதல் ஒன்று. வாடகை வீட்டில் இருப்போரும் பிறர் காணியில் இருப்போரும் அதில் விடுபடாமற் பார்த்தல் சிறப்பாக வேண்டும். முதியோரையும் வலுவிழந்தோரையும் வாக்களிப்பு நிலையம்வரை அழைத்துச் சென்று மீள வீட்டில் விடுதல் மற்றொன்று. வாக்களிக்க விரும்புவோரையோ விரும்பாதோரையோ துரோகி எனப் பெயரிடாதிருத்தல் மூன்றாவது. திரும்பி வரும் வழியில், வாக்கை யாருக்கு அளித்தீர் என அவரைக் கேளாதிருத்தல் நான்காவது.